எதுவும் போடாத குடுவை

வெற்றுச் சோதனை என்பது, எதுவும் நடக்கவில்லை என்பதை உட்கார்ந்து பார்க்கும் வேலை. குடுவையில் எல்லாவற்றையும் போட்டு, சோதிக்க வேண்டிய அந்த ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு, மீதிச் சடங்குகளை அப்படியே செய்ய வேண்டும். கடைசியில் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. ஒன்றும் நடக்கவில்லை என்று தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் இதற்குச் சம்பளம் வாங்கினேன். ஒன்றும் நடக்காததற்குச் சான்றளிப்பதில் அரசாங்கத்தில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் வேறு துறைகளில் இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சிறிய வாசனைப் பொருள் நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. உரிமையாளருக்கு நாற்பது வயது இருக்கும். எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். வழிவழியாக மிளகு வியாபாரம். இவர் மட்டும் வேதியியல் படித்துவிட்டு, குடும்பக் கிடங்கின் மாடியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். கீழே பட்டையும் கிராம்பும் சுக்கும் மூட்டை மூட்டையாக இருக்கும். மேலே நாங்கள். தமிழில் நன்றாகச் சண்டை போடுவார். ஆனால் தமிழைக் குறித்துக்கொள்வது மலையாள எழுத்தில்தான். என்னை ‘இத்தா’, அதாவது அக்கா, என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் சோதனை முறைகளை எல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வேலை இதுதான். ஆல்கஹால் என்றதும் மதுக்கடை வரிசையை நினைக்கக் கூடாது. கொச்சியில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வாசனை வேதியியலில் ஆல்கஹால்கள் பல. அவற்றில் ஒன்றோடு ஆக்சிஜனை அளவாகச் சேர்த்தால் அது ஆல்டிஹைடு ஆகும். பட்டையின் மணம் அப்படி ஓர் ஆல்டிஹைடுதான். கொஞ்சம் கூடிப்போனால் அமிலமாகிவிடும், மணம் போய்விடும். வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் சாமர்த்தியம். அதைச் செய்வது வினையூக்கி. எங்களுடையது கரித்தூள்மேல் படியவைத்த பல்லேடியம் என்கிற உலோகம். பட்டை மணத்தைச் செய்து விற்றால் கட்டுப்படியாகாது, பட்டையே மலிவு. ஆனால் உலோகத்தின் குணத்தைப் படிக்க அது நல்ல பாடம் என்பதால் அதில் தொடங்கினோம்.

முன்பெல்லாம் வினையூக்கியை வேலைக்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் பார்ப்போம். நடுவில் என்ன செய்தது என்று ஊகிப்போம். பிணப் பரிசோதனை செய்து, ஆள் எப்படி நடப்பார் என்று சொல்வதைப் போல. இங்கே அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்த்தோம். கரி கலந்த கறுப்புத் தண்ணீரில் மெல்லிய தங்கக் கம்பி ஒன்றை முக்கிவைத்தோம். சுழலும் தூள் அதில் மோத மோத, உலோகத்தின் மின்னழுத்தம் திரையில் ஒரு கோடாக ஓடும். ஆக்சிஜனை நிறுத்தினால் கோடு இறங்கும். தான் உண்டாக்கிய பொருளிலிருந்தே கசியும் கார்பன் மோனாக்சைடு மேலே மூடி, உலோகம் திணறும். ஆக்சிஜனைத் திறந்தால் அதை எரித்துத் தள்ளிவிட்டு மெல்ல ஏறும். அளவுக்கு மீறித் தந்தால் மேலே ஆக்சைடு படிந்து விறைத்துப்போகும். மழைக்கால மதியங்களில், கீழே சுமைக்காரர்கள் மூட்டைமேல் படுத்துத் தூங்க, நான் அந்தக் கோட்டை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் உறவினருக்குக் காவல் இருப்பதுபோல இருக்கும். அந்த உணர்ச்சியைக் குறிப்பேட்டில் எழுத இடம் கிடையாது. படிவத்தை வடிவமைத்தவள் நான்தான்.

இன்னொருவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். என்னோடு ஒரே வருடத்தில் அரசு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். பதினெட்டு வருடத்துக்கு முன், தேங்காய்ச் சிரட்டைக் கரி மட்டுமே, உலோகம் எதுவும் இல்லாமல், இந்த வேலையைச் செய்கிறது என்று அறிக்கை கொடுத்தார். உண்மையாக இருந்தால் பெரிய விஷயம். அதனால் குழு ஒன்று கூடியது. குழு கூடினால் வேலை என்னிடம் வரும். மீண்டும் செய்து பார்க்கச் சொன்னார்கள். என் மேசைக்கு அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். உள்ளே அவருடைய குடுவை, மூடி, குழாய், எல்லாம்.

“என் சாமான்ல செஞ்சு பாரு” என்றார்.

முடியாது என்றேன். மறுசோதனைக்கு எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்பது விதி. புதுக் கண்ணாடி, புது மருந்து என்று மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை. ‘அறிக்கையில் கண்ட விளைவு மீண்டும் கிடைக்கவில்லை’ என்று ஒரே வரி எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பொய் என்று யாரும் எழுதவில்லை. அரசாங்கத்தில் அந்தச் சொல்லை யாரும் எழுத்தில் வைக்கமாட்டார்கள், வராந்தாவில் வைத்துக்கொள்வார்கள். அவர் விருப்ப ஓய்வில் போனார். தோப்பும்படியில் படகுகளுக்குப் பெயிண்டும் துருத்தடுப்புத் துத்தநாகக் கட்டியும் விற்கிற கடை போட்டார். மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், “கள்ள ரிசல்ட் எழுதிப் போனவரு நீங்கதானா?” என்று பந்தியில் வைத்தே கேட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னைப் பஸ்ஸில் எப்போதாவது பார்த்தால், எல்லோருக்கும் கேட்கும்படி, “திரும்பக் கிடைக்காத ஆளு வந்திருக்கேன் மேடமே, கொஞ்சம் நீங்கி இருங்க” என்பார். நகர்ந்து உட்காருவேன். வேறு பேச்சு கிடையாது.

அந்த ஜூலையில் மட்டாஞ்சேரி மாடியில் ஒரு வழக்கமான வெற்றுச் சோதனை. கரி உண்டு, பல்லேடியம் இல்லை. தங்கக் கம்பியின் கோடு, உள்ளே உலோகம் இல்லை என்று தட்டையாகச் சொன்னது. ஒரு மணி நேரம் கழித்து ஊசியில் ஒரு சொட்டு எடுத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் ஏற்றினேன். பட்டை ஆல்டிஹைடு வரவேண்டிய இடத்தில் மேடு எழும்பியிருந்தது. வேறெங்கும் இல்லை, அமிலமும் இல்லை. சுத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்ட வேலை.

“கீழேருந்து பட்டை மணம் ஏறி வந்திருக்கும் இத்தா” என்றார் உரிமையாளர்.

“மணம் ஊசிக்குள்ள ஏறி உட்காராது.”

கம்பிதான் குற்றவாளியோ என்று அதை எடுத்துவிட்டுச் செய்தேன். மேடு வந்தது. கரியில் ஏதாவது கலப்படமோ என்று கரியையும் விட்டேன். மேடு வந்தது. குடுவையை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். ஆல்கஹாலுக்குப் புதுப் புட்டி உடைத்தேன். ஆறாவது நாள் குடுவையில் ஆல்கஹாலும் சோடா உப்புச் சேர்த்த தண்ணீரும் தவிர எதுவும் இல்லை. குடிதண்ணீர் போலத் தெளிவாக, நடுவில் ஒரு சிறு குழியோடு சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

தானாக ஆக்சிஜன் ஏறுவது உண்டு. ஆனால் அது தாறுமாறாக ஏறும், நாலு விதப் பொருளை உண்டாக்கும், நிறுத்தத் தெரியாது. இதற்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. எனக்குப் பிடிக்காதது அதுதான். கண்ணாடியில் கை வைத்தேன். இளஞ்சூடு. அறையை விட்டுப் போய்ப் படியில் நின்றுவிட்டு வந்தேன். நான் இல்லாதபோதும் அது செய்திருந்தது. எதிரிலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தேன். அப்போதும் செய்தது. பேயாவது ஆள் பார்க்கும்போது கூச்சப்படும் என்று கேட்டிருக்கிறேன்.

“ஜின்னு, பேய் ஏதாவதா இருக்குமோ?” என்றார் உரிமையாளர். “இருந்தா இருக்கட்டும் இத்தா. சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், யூனியன் இல்ல. நமக்கு லாபந்தானே?”

சிரித்தேன். அன்று பிற்பகல் அவர் தொழுகைக்குப் போன பிறகு எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. நானே போடுகிறேனோ? வயது அறுபத்திரண்டு. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற பருவம். கை தன் பழக்கத்தில் பல்லேடியப் புட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, எனக்குச் சொல்லாமல் இருக்கிறதோ? மறுநாள் காலை அந்தப் புட்டியை உரிமையாளரின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

“எந்தா இத்தா, என்னை சம்சயமா?”

“உங்களை இல்லை. என்னை.”

அவர் அதற்குப் பிறகு ஜின்னைப் பற்றிப் பேசவில்லை. குடுவை அன்றும் வேலை செய்தது. எனக்கு முதலில் நிம்மதி, பிறகு முன்பைவிட மோசமான ஒரு குளிர்ச்சி. நான் இல்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அந்த அறையில் என்னோடு ஒரு வாரமாக இருக்கிறது. அதை நான் தினமும் கழுவித் துடைத்து அடுக்கிவைக்கிறேன்.

திரவத்தைத் தொட்ட எல்லாவற்றையும் நாலாவது தடவையாகப் பட்டியல் போட்டேன். பதினாலு இனங்கள். என் படிவம், ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண், திறந்த தேதி, திறந்தவர் கையெழுத்து. உரிமையாளர் பக்கத்தில் நின்று விரலை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பிறகு குடுவையைப் பார்த்தார்.

“உள்ளே ஒண்ணு கறங்குதே இத்தா. அது எங்கே லிஸ்டில்?”

காந்தக் குச்சி. வெள்ளைப் பூச்சுப் போட்ட, சுண்டுவிரல் நுனி அளவு காந்தம். தட்டின் அடியில் ஒரு காந்தம் சுழல, குடுவைக்குள் இது சுழன்று கலக்கும். ஒரு வாரமாக என் கண்முன்னால் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை. அது பொருள் அல்ல, சாமான். மருந்துகளுக்கு ஒரு பதிவேடு, சாமான்களுக்கு இன்னொன்று. குடுவையையும் தண்ணீரையும் மாற்றிய ஒவ்வொரு தடவையும், இதைக் கழுவித் திரும்ப உள்ளே போட்டது என் கைதான்.

புதுக் குச்சி ஒன்றைப் பிரித்துப் போட்டேன். குடுவை செத்துப்போனது. பழையதைப் போட்டேன். உயிர் வந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பழையதன் வெள்ளைப் பூச்சில் தலைமுடி போன்ற கீறல்கள், கீறல்களுக்குள் சாம்பல் நிறம். பல்லேடியம். முந்தைய மாதங்களின் சோதனைகளில் மோதி மோதி அங்கே புகுந்து குடியிருந்தது. இம்மியிலும் இம்மி, கம்பிக்கு எட்டாது, கண்ணுக்கு எட்டாது, வேலைக்கு மட்டும் எட்டியது. உலோகத்தைக் கரைக்கும் ராஜதிராவகத்தில் ஊறவைத்திருந்தால் போயிருக்கும். சுவரில் ஒட்டியிருந்த கழுவும் முறையைப் பார்த்தேன்: சோப்பு, தண்ணீர், அசிட்டோன், உலர்த்தும் அடுப்பு. இருபது வருடத்துக்கு முன்வரை, அரசு ஆய்வுக்கூடத்தில், அதில் திராவகமும் இருந்தது. கழுவுகிறவர்களின் கையைச் சுடுகிறது என்று அதை அடித்துக் கையெழுத்துப் போட்டது நான். நல்ல காரணம்தான்.

என் மேசைக்கு வந்த அந்த எவர்சில்வர் டப்பா நினைவுக்கு வந்தது. அதற்குள் குடுவை இருந்தது, மூடி இருந்தது, குழாய் இருந்தது. குச்சியும் இருந்திருக்கும். அந்தக் கரி வேலைக்கு முன் அவருடைய மேசையில் பல்லேடிய வேலைதான் நடந்தது.

மறுநாள் காலை தோப்பும்படிக்குப் போனேன். துறைமுகத்து மீன் வாடையும் பெயிண்ட் வாடையும் சேர்ந்த கடை. அவர் துத்தநாகக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மேடமே! படகு வாங்கினீங்களா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ நான் கள்ளன் இல்லை. முட்டாள்.”

“அது இன்னும் தெரியாது.”

“எது? முட்டாள்ங்கிறதா?”

“கள்ளன் இல்லைங்கிறது. உன் குச்சி இருந்தாதான் சொல்ல முடியும்.”

“பாத்தியா, இப்பவும் மாறல” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை என்னைக் கேட்டியா? நெசமா நீ பாத்தியான்னு? குழு கேட்டுது, டைரக்டர் கேட்டாரு, சம்பந்தி வீட்டுல கேட்டாங்க. பக்கத்து மேசைக்காரி, நீ கேக்கல.”

“இல்லை.”

“கேளு.”

“நீ பார்த்தியா?”

“பாத்தேன்” என்றார். “என் கண்ணால.”

பிறகு எழுந்து இரும்பு அலமாரிக்குப் போனார். அதன் கதவில் பெயிண்ட் விலைப்பட்டியலை ஒட்டிப் பிடித்திருந்தது ஒரு வெள்ளைக் காந்தக் குச்சி. நீலத் துளிகள் தெறித்து, ஒரு முனை பழுப்பேறியிருந்தது. காகிதம் கீழே விழ, அதைக் கையில் எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

“இதைக் கொண்டுபோய்ச் செஞ்சு, இன்னொரு தடவை கிடைக்கலைன்னா?”

“அப்போ முன்னாடி எழுதினது நிக்கும்.”

“இப்போ பாதி ஊரு மறந்தாச்சு. எனக்கே சில நாள் மறந்துபோகுது. ரெண்டாம் தடவை கள்ளனாக எனக்கு வயசு இல்ல மேடமே.” குச்சியைத் திரும்ப அலமாரியில் ஒட்டினார். “போ. சாயா குடிச்சிட்டுப் போ.”

குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, மட்டாஞ்சேரி மாடிப்படியில் அவர் குரல் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். குச்சி ஒரு பெயிண்ட் லேபிளில் மடித்திருந்தது. என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உரிமையாளர் நாற்காலி கொண்டுபோனார். “வேண்டாம் மோனே, இங்கேருந்து இறங்கறது எளுப்பம்” என்றார்.

என் பழைய முறைப்படியே கழுவினேன். சோப்பு, தண்ணீர், அசிட்டோன், அடுப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எழுதிய முறை சரியாக வேலை செய்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கழுவினேன். புதுக் குடுவை, புதுத் தண்ணீர், புது ஆல்கஹால். எதுவும் போடாத குடுவை. குச்சி கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சுழலத் தொடங்கியது.

அரை மணியில் முதல் சொட்டு. திரையில் தட்டையான கோடு. அவரிடம் சொல்லவில்லை. கதவின் இடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. கீழே சுக்கு மூட்டை இறக்குவதை அவர் எண்ணுவதுபோலத் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் கடல்காற்றில், பெயிண்டில், அலமாரிக் கதவில். உலோகம் உதிர்ந்திருக்கலாம். ஆக்சைடாகி இறுகியிருக்கலாம். அங்கே முதலிலிருந்தே எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தத் தெளிந்த தண்ணீருக்குள் ஒரு மனிதருடைய பெயர் இருந்தது, அல்லது இல்லை. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் இரண்டாவது சொட்டு. கோடு ஓடியது, ஓடியது, அந்த இடத்துக்கு வந்தபோது சற்றே தூக்கிவிட்டு விழுந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று உரிமையாளரைப் பார்த்தேன். அவர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். விறைத்துக் கிடக்கும் உலோகத்தை ஆல்கஹாலே மெல்லத் தளர்த்தும். அதற்கு நேரம் பிடிக்கும். அடுத்த சொட்டில் ஐயத்துக்கு இடமில்லை. மேடு, சுத்தமாக, ஒன்றே ஒன்று. அமிலம் இல்லை.

படிக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“சொல்லாதே. எழுதிக் குடு. நம்ம பழைய லேபுக்கும் ஒண்ணு அனுப்பு.”

“அங்கே அந்தக் கோப்பே இருக்காது. பத்து வருஷத்தில் அழிக்கணும்னு விதி.”

“அது யாரு எழுதின விதி?”

நான் பேனாவைத் தேடினேன். அவர் படியைத் தட்டிச் சிரித்தார். “அப்போ எனக்கு மட்டும் குடு.”

அங்கேயே, படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவருடைய அறிக்கையில் கண்ட விளைவு, அவருடைய உபகரணத்தில் கிடைத்தது. தேதி, கையெழுத்து. விதிப்படி மூன்று முறை செய்திருக்க வேண்டும். ஒரு முறைதான் செய்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“முழுசா இல்லையே. எதனால கிடைச்சுதுன்னு எழுது. என் கரி ஒண்ணும் செய்யலை, எல்லாம் அந்தப் பல்லேடியம்னு எழுது.”

“அதை எழுதினா நீ தப்புன்னு ஆகும்.”

“தப்புதானே? தப்பு பண்ணினவன் கள்ளன் இல்லையே. ரெண்டும் ஒரே காகிதத்தில் இருந்தாதான் சம்பந்தி நம்புவாரு.”

எழுதினேன். கழுவும் முறையைத் திருத்தியவள் நான், மறுசோதனைக்கு அவருடைய உபகரணத்தை மறுத்தவளும் நான் என்று கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். அவர் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அந்தக் குச்சி?”

“நாளைக்கு வாங்கிக்கோ. திராவகத்தில் ஒரு ராத்திரி ஊறணும். ஊறின பிறகு அது ஒண்ணும் செய்யக்கூடாது. அதையும் பார்த்தாதான் சோதனை முடியும்.”

“ஊறினா அதில் இருக்கிறது போயிடும், இல்லியா?”

“ஆமா.”

“அப்போ வேண்டாம்” என்று கையை நீட்டினார். “அழுக்கோடவே குடு.”

உள்ளே போய்க் குடுவையை நிறுத்தி, குச்சியை எடுத்து, ஈரத்தை மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.